ஒன்பதாம் பக்கத்துப் பெண்

காலை ஐந்து மணிக்குக் கொழிஞ்சாம்பாறையில் பொள்ளாச்சி பஸ் ஏறினேன். எழுபதுகளின் நடுவில், ஒரு பிப்ரவரி மாதம். வழியனுப்ப வந்த அப்பா பேசாமல் திரும்பியிருந்தால் பயணம் நல்லபடியாகத் தொடங்கியிருக்கும். அவர் கண்டக்டரைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, நம்ம பையனுங்க. மலை மேல வெள்ளைக்காரங்க கூட்டம் போட்டிருக்காங்களாமா. அவங்களுக்குக் கம்ப்யூட்டரப் பத்திப் பாடம் எடுக்கப் போறானுங்க. கொஞ்சம் முன்னால உக்கார வெய்யுங்க."

முன் சீட்டில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. இரவல் கோட்டைக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு, பொள்ளாச்சி வரைக்கும் அவர் நின்றுகொண்டே வர, நான் உட்கார்ந்துகொண்டே போனேன். டிக்கெட் எண்பது காசு. பயணத்தின் முதல் வெட்கம் அந்த விலைக்குக் கிடைத்தது.

அப்பா சொன்னதில் பாதி உண்மை. தேயிலை, காப்பி, ரப்பர் தோட்டங்களில் கம்ப்யூட்டரை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு சர்வதேச மாநாடு. போடிமெட்டுக்கு அப்பால், பூப்பாறை போகும் வழியில், தோட்டத்துரைமார்களின் கிளப் ஒன்றில் மூன்று நாள் நடந்தது. இங்கிலாந்து, கென்யா, இலங்கை, மலேயாவிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளனாக இருந்த எனக்கு அதில் இருபது நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள்.

என் ஆராய்ச்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். அந்தக் காலத்தில் கூலி போட ஒரு புரோகிராம் எழுதினால் அதற்கென்று தகவலைத் துளைகளாகப் போட்ட தனி அட்டைகள் அடிப்பார்கள். வைப்பு நிதிக்கு வேறு அட்டைகள். ஆஸ்பத்திரிக்கு வேறு. ஒன்று சொல்வது மற்றதற்குத் தெரியாது. முதலில் ஒரு ஆளைப் பற்றிய தகவல் முழுவதையும் ஒரே இடத்தில் ஒழுங்காக வைப்போம், புரோகிராம்கள் அங்கே வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்பது என் கட்சி. வீட்டுக்கு வீடு பானையில் தண்ணீர் பிடித்து வைப்பதற்குப் பதிலாக நடுவில் ஒரு கிணறு வெட்டுவது போல. மலைத் தோட்டம் ஒன்றின் தலைமை அலுவலகம் கோயம்புத்தூரில் இருந்தது. அவர்கள் மூன்று பதிவேடுகளின் நகலைக் கொடுத்தார்கள். ஒரு மில்லின் கம்ப்யூட்டரில் ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து ஓட்டிப் பார்த்தேன்.

சேர்த்தவுடன் ஒரு விசித்திரம் வெளியே வந்தது. 1146 என்ற எண்ணுள்ள பெண் தொழிலாளி பத்து வருஷத்துக்கு முன் பிரசவத்தில் இறந்துபோனாள் என்றது ஆஸ்பத்திரிப் பதிவு. அதே பெண் இன்றைக்கும் தினம் கொழுந்து பறித்துக் கூலி வாங்குகிறாள் என்றது கூலிப் பதிவு. தனித்தனியாக இருந்தவரை யாருக்கும் தெரியாத முரண்பாடு. எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. கட்டுரையில் ஒன்பதாம் பக்கத்தில் அதை வைத்து, கூடவே ஒரு கிண்டலும் எழுதினேன். கல்லூரியில் ஒத்திகை பார்த்தபோது எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நம்பித்தான் மலையேறினேன்.

பொள்ளாச்சியில் பஸ் மாறி, உடுமலை, பழனி, வத்தலக்குண்டு, தேனி என்று வெயிலோடு வெயிலாகப் போடிநாயக்கனூர் போய்ச் சேர மணி ஒன்றே முக்கால். ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மெஸ்ஸில் அளவுச் சாப்பாடு ஒன்றரை ரூபாய். மாநாட்டு ஜீப் நாலு மணிக்குப் போடிமெட்டில் காத்திருக்கும் என்று கடிதத்தில் இருந்தது. மேட்டுக்கு இருபத்தாறு கிலோமீட்டர்தான், ஆனால் அத்தனையும் ஏற்றம், கொண்டை ஊசி வளைவு. இரண்டரைக்குப் புறப்பட வேண்டிய பஸ் மூன்றேகாலுக்குத்தான் அசைந்தது.

என் பக்கத்தில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். கறுத்த, ஒல்லியான உடம்பு. விரல் நுனிகள் எல்லாம் கறை. பாதி தூரம் ஏறியதும் என் கோட்டையும் பெட்டியையும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார்.

"தம்பி, ஒரு ஒத்தாசை. இந்தப் பைய உங்க மடியில வச்சுக்கிடுதீகளா? மேடு தாண்டினதும் வாங்கிக்கிடுதேன்."

"என்னங்க இருக்குது?"

"அரிசிதான். நாலு படி."

அரிசியை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகக் கூடாது என்று கெடுபிடி இருந்த காலம். எங்கள் பக்கத்தில் வாளையார் செக்போஸ்ட்டில் லாரிக்கு அடியில் படுத்துத் தேடுவார்கள். அரிசியோடு பிடிபட்ட பெண்களை வரிசையில் நிறுத்தியிருப்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். மறுக்க வாய் வரவில்லை. பையை வாங்கி மடியில் வைத்து, அதன் மேல் கோட்டை விரித்தேன். மேட்டில், கேரள எல்லைச் செக்போஸ்ட்டில் ஏறிய காவலர் பெண்களின் கூடைகளை எல்லாம் கிளறினார். என்னைப் பார்த்து, "சார் எங்க போறீக?" என்றார். "மாநாட்டுக்கு" என்றேன். சலாம் வைத்துவிட்டுப் பின்னால் போனார். பின் சீட்டில் ஒரு கிழவியின் அரிசியைத் தரையில் கொட்டி அள்ளினார்கள். கோட்டுக்கு இவ்வளவு மரியாதையா என்று கூசியது.

போடிமெட்டில் ஜீப் இல்லை. வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு நாலரைக்கே போய்விட்டது என்றார் டீக்கடைக்காரர். இனி காலையில்தான். குளிர் கோட்டுக்குள் நுழைய ஆரம்பித்திருந்தது. அந்தப் பெண் பையை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார்.

"கிளப்பு எங்க லயத்துலருந்து ரெண்டு மைலுதான். ராத்திரிக்கு நம்ம வீட்டுல இருந்துட்டு விடியக்காலைல போங்க. பிள்ளைகள்லாம் இருக்கு. அரிசியக் காப்பாத்திக் குடுத்த ஆள ரோட்டுல விட்டுட்டுப் போக முடியுமா?"

டீ குடிக்க நின்றிருந்த அதே பஸ்ஸில் இன்னும் ஆறு மைல் போய் இறங்கினோம். தொழிலாளர் குடியிருப்பை அங்கே லயம் என்கிறார்கள். ஒரே நீளக் கட்டடத்தில் வரிசையாக வீடுகள். ஒவ்வொன்றும் ஒரு அறை, ஒரு அடுப்படி. எந்தத் தோட்டம் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் இறங்கிய இடத்தில் இருந்த பலகையைப் படித்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் பதிவேடுகள் வந்த அதே தோட்டம். எண்களாக மட்டுமே தெரிந்த இடத்தில் காலை வைக்கிறேன்.

அவர் பெயர் செண்பகம். சங்கரன்கோவில் பக்கம் பிறந்த ஊர். வீட்டில் மூன்று பிள்ளைகள், பெரியவனுக்குப் பதினெட்டு இருக்கும், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. மூவரும் அவரைச் சித்தி என்றுதான் கூப்பிட்டார்கள். சுவரில் மாலை போட்ட ஒரு படம். சோறு போடும்போது என் பார்வை அதில் நிற்பதைக் கவனித்து அவரே சொன்னார்.

"எங்கக்கா, இசக்கியம்மா. அந்தக் கடைசிப் பிள்ள பிறந்த அன்னைக்கே போயிட்டா. மச்சான் கீழ இறங்கிப் போனவரு திரும்பி வரல. பிள்ளைகளப் பாக்க நான் வந்தேன். வேலைக்குப் பேரு வேணும்ல? கங்காணி, அக்கா பேர்லயே இறங்கும்மான்னுட்டாரு. பத்து வருசமாச்சு. தேயிலைக் காட்டுல எல்லாரும் இசக்கின்னுதான் கூப்புடுதாக. ஆபீசுல நான் செத்துப்போன எங்கக்கா." சிரித்தார்.

என் கையில் இருந்த சோற்றுருண்டை அப்படியே நின்றது. நம்பர் என்னவென்று கேட்டேன். ஆயிரத்து நூத்தி நாப்பத்தாறு என்றார். குழம்பு ஊற்றட்டுமா என்றும் கேட்டார்.

நாளைக்குக் காலை பத்தரை மணிக்கு, அவருடைய துரை முன் வரிசையில் உட்கார்ந்திருக்க, இவரைத் திரையில் போட்டுக் காட்டிச் சிரிக்க வைக்கப்போகிறேன். மாலைக்குள் இவருக்கு வேலை போய்விடும். அவர் ஏதோ தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். "சங்கத்துல இப்ப..." என்று ஆரம்பித்தார். நான் முகத்தைப் பார்க்க முடியாமல், "அசதியா இருக்குதுங்க்கா, படுத்துக்கறேனுங்க" என்று சொல்லிவிட்டேன். மணி ஏழுகூட ஆகவில்லை. தனக்கென்று வைத்திருந்த கம்பளியை எனக்கு விரித்துக் கொடுத்தார்.

காலையில் கிளப்புக்கு நடந்தபோதே தீர்மானித்துவிட்டேன். ஒன்பதாம் பக்கத்துக்காகத் திரையில் காட்ட வைத்திருந்த படத்தை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டேன். ஆனால் கட்டுரைகள் ஏற்கனவே புத்தகமாக அச்சாகி எல்லார் மேசையிலும் இருந்தன. யாரும் படித்திருக்கமாட்டார்கள் என்று நம்பினேன். மாநாட்டுப் புத்தகங்களை யார் படிக்கிறார்கள்?

இலங்கையிலிருந்து வந்த ஒருவர் படித்திருந்தார்.

நான் பேசி முடித்தேன். உதாரணம் இல்லாத பேச்சு, உப்பில்லாத கஞ்சியாக இருந்தது. தலைவர் கேள்வி உண்டா என்றார். இலங்கைக்காரர் எழுந்து, நல்ல மனிதர், மிகவும் மரியாதையாக, ஒன்பதாம் பக்கம் பிரமாதம், அந்தப் பேயைப் பற்றி ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டார். புத்தகங்கள் புரளும் சத்தம் கேட்டது. இரண்டு மூன்று இடங்களில் சிரிப்பு. முன் வரிசையில் இருந்த அந்தத் தோட்டத்து மானேஜர், கோட்டயத்துக்காரர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கத்தைத் தேடினார்.

"அது எங்கள் தோட்டத்து எண்ணா?" என்றார்.

"எண் உங்களுடையதுதான். தவறு என்னுடையது" என்றேன். "அட்டை அடிக்கும்போது வேறு யாருடைய மரணத்தையோ 1146-இல் போட்டுவிட்டோம். நேற்றுத்தான் கவனித்தேன். அதனால்தான் அந்தப் படத்தை எடுத்துவிட்டேன்."

தலைவராக இருந்த ஆங்கிலேயர் கொஞ்சம் யோசித்தார். "அப்படியானால், தகவலை ஒழுங்காக வைத்தால் தவறு தானே வெளிப்படும் என்று நிரூபிக்க நீங்கள் கண்டுபிடித்த ஒரே தவறு உங்களுடையதுதான்" என்றார். இந்த முறை மண்டபம் முழுவதும் சிரித்தது. இரண்டு வருஷ உழைப்பு. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த என் துறைத்தலைவர் மட்டும் சிரிக்கவில்லை, அவர் என்னைப் பார்க்கவும் இல்லை. மேடையிலிருந்து என் இடம் பத்தடி இருக்கும். அந்தப் பத்தடியை எப்படிக் கடந்தேன் என்று எனக்கே தெரியாது.

இடைவேளையில் மானேஜர் தேடிக்கொண்டு வந்து கை குலுக்கினார். "நல்ல வேளை சொன்னீர்கள். சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது. ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் அப்படி ஒரு வரி இருந்தால் அடித்துத் திருத்தச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டேன்."

மானம் போனாலும் ஒரு பெண்ணின் சோற்றைக் காப்பாற்றிவிட்டோம் என்று ஒரு நிம்மதி வந்தது. நிம்மதி என்ன, கர்வம்தான். அதை அவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மத்தியானக் கூட்டத்தை விட்டுவிட்டு நாலு மணிக்குக் கொழுந்து எடை போடும் கொட்டகைக்குப் போனேன். இடுப்பில் படங்கு என்கிற சாக்குத் துணி கட்டிய பெண்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். செண்பகம் எடை போட்டுவிட்டு வந்தார். தனியாகக் கூப்பிட்டு, கட்டுரையிலிருந்து பொய் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இனி பயமில்லைங்க்கா. உங்கக்கா செத்ததையே புஸ்தகத்துலருந்து அடிச்சிருவாங்க."

"எத அடிச்சிருவாக?"

திரும்பவும் சொன்னேன். அவர் தலையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"தம்பி, எங்கக்கா எனக்கு ஆறு வயசு மூத்தவ, ஆபீசுல அவ வயச இன்னும் எட்டு வருசம் கூட்டிப் பதிஞ்சிருக்காக. இன்னும் ரெண்டு வருசத்துல அந்தக் கணக்குக்கு அம்பத்தெட்டு ஆச்சுன்னு என்னை வீட்டுக்கு அனுப்பிருவாக. எனக்கு நாப்பத்திரெண்டுதான் ஆவுது. அதுக்குத்தான் சங்கத்துல மனு போட்டுருக்கோம். அக்கா செத்துட்டா, வேல பாத்ததெல்லாம் நான், எம் பேர்லயே பதிஞ்சு தாங்கன்னு. அடுத்த மாசம் தேவிகுளத்துல விசாரணை. அக்கா செத்ததுக்கு அத்தாட்சி என்னன்னு வக்கீலு கேட்டாரு. பஞ்சாயத்துல யாரும் பதியல. ஆஸ்பத்திரிப் புஸ்தகத்துல அந்த ஒரு வரிதான் இருந்துச்சு."

அவர் துணியை மடித்து இடுப்பில் செருகினார்.

"நேத்தே சொல்ல வந்தேன். நீங்க படுத்துட்டீக. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல."

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். முதல் முறை அவரைக் கேட்காமல் கேலி செய்தேன். இரண்டாம் முறை அவரைக் கேட்காமல் காப்பாற்றினேன். இரண்டிலும் அவர் வாயைத் திறக்க நான் விடவில்லை. மானேஜரைப் பிடித்தாக வேண்டும். தேயிலைச் செடிகளுக்கு நடுவே குறுக்கு வழியில் ஓடினேன். இரவல் கோட்டின் கை ஒரு கிளையில் மாட்டிக் கிழிந்தது.

மானேஜர் கிளப் வாசலில் ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார். காலையில் சொன்னது பொய், ஆஸ்பத்திரிப் பதிவுதான் சரி, அடிக்க வேண்டாம் என்றேன். மூச்சு வாங்கியது. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"காலையில் நாலு நாட்டுக்காரர் முன்னால் சொன்னது பொய். இப்போது ஜீப் பக்கத்தில் நின்று சொல்வது உண்மை. அப்படித்தானே?"

"ஆமாம்."

"நான் எதை நம்புவது, சார்? வரியை அடித்தாகிவிட்டது." ஜீப் போய்விட்டது. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன்.

கோயம்புத்தூரில் பதிவேட்டின் நகல் என்னிடம் இருந்தது. ஆனால் அதில் தவறு இருக்கிறது என்று ஊரறிய அறிவித்தவனே நான். மண்டபத்துக்குள் போய் என் பெட்டிமேல் கிடந்த மாநாட்டுப் புத்தகத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. வரியை அடித்தது இன்றைக்கு. புத்தகம் அச்சானது போன மாதம். ஆஸ்பத்திரிப் பதிவில் என்ன இருந்தது என்று அதில் இருக்கிறது, எல்லா நாட்டுக்காரர் கையிலும் இருக்கிறது.

இன்னும் வெளிச்சம் இருந்தது. லயத்துக் குழாயடியில் பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். செண்பகம் குடத்தைக் கீழே வைத்தார். புத்தகத்தை நீட்டி, வக்கீலிடம் இதைக் கொடுக்கச் சொன்னேன். தேவிகுளத்துக்கு நானே வந்து, மாநாட்டில் சொன்னது பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றேன். நின்றவர்கள் எல்லாம் பக்கத்தில் வந்துவிட்டார்கள்.

"என்ன எழுதிருக்கு? வாசிங்க."

"இங்கிலீஷுங்க்கா."

"தமிழ்ல சொல்லுங்க. நாளைக்கு அங்க கேட்டா எனக்குத் தெரியணும்ல."

ஒன்பதாம் பக்கத்தைத் திறந்தேன். "ஆஸ்பத்திரிப் பதிவின்படி 1146-ஆம் எண் தொழிலாளி பத்து ஆண்டுகளுக்கு முன் பிரசவத்தில் இறந்துவிட்டார்" என்று படித்துவிட்டு மூடப்போனேன்.

"கீழ இன்னும் எழுத்து இருக்குல்லா?"

"அது வேண்டாங்க்கா."

"வாசிங்க தம்பி."

வாசித்தேன். "இறந்த பிறகும் இந்தப் பெண்மணி நாள் தவறாமல் வேலைக்கு வந்து, டிவிஷனிலேயே அதிகமான கொழுந்து பறித்திருக்கிறார். பேய்கள் கூலி உயர்வு கேட்பதில்லை என்பதால் எல்லாத் தோட்டங்களும் இவரைப் போன்றவர்களையே வேலைக்கு வைத்துக்கொள்வது நல்லது."

கோயம்புத்தூரில் எல்லாரும் சிரித்த இடம் இது. குழாயடியில் தண்ணீர் நிரம்பி வழிகிற சத்தம்தான் கேட்டது. மூத்தவன் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அம்மாவைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

செண்பகம் கிட்டே வந்து பக்கத்தை எட்டிப் பார்த்தார்.

"டிவிஷன்லயே நாந்தான் அதிகமா?"

"ஆமாங்க்கா. எந்த வருஷத்தப் பாத்தாலும் நீங்கதானுங்க."

"அத மொதல்ல எழுதிருக்கலாம்ல" என்றார். குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். புத்தகத்தைப் பெரியவன் வந்து என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

அன்று இரவு கிளப்பின் பின்கட்டில் படுத்திருந்துவிட்டு, மாநாட்டின் மிச்ச இரண்டு நாளுக்கு நிற்காமல், காலை ஏழு மணி பஸ்ஸில் இறங்கினேன். கீழே போகும் பஸ்ஸில் அரிசி தேட யாரும் ஏறவில்லை. வந்த வழியே திரும்பி, ஏழு பஸ் மாறி, சாயங்காலம் கொழிஞ்சாம்பாறை வந்து சேர்ந்தேன்.

வீட்டு வாசலில் அப்பா கரண்டு ஆபீஸ்காரரிடம் நின்று பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "என்னப்பா, வெள்ளைக்காரங்க என்ன சொன்னாங்க?" என்று அவர் காதில் விழும்படிக் கேட்டார். அப்பா கையிலிருந்த, எங்கள் தோட்டத்து மோட்டாருக்கான பில்லை வாங்கிப் பார்த்தேன். தாத்தா பெயரில் இருந்தது. நிலத்துக்கான வரி ரசீதும் தாத்தா பெயரில்தான் வரும். அவர் செத்து இருபது வருஷம் ஆகிறது. செத்த பிறகும் அவர் வருஷா வருஷம் வரி கட்டுகிறார், நெல் விளைவிக்கிறார், என்னை அந்தப் பணத்தில் படிக்க வைத்தும் இருக்கிறார். அவரைப் பேய் என்று யாரும் எங்கேயும் எழுதியதில்லை. எனக்கும் எழுதத் தோன்றியதில்லை.